கிழங்குப் பூச்செடிகளின் குளிர்கால உறக்கம்: பிடுங்கி வைப்பதா, தொட்டியிலேயே விடுவதா, விழித்திருக்க வைப்பதா?

உறைபனி நெருங்கும் காலத்தில் கிழங்குப் பூச்செடிகளை வீட்டுக்குள் எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. ஒருவர் தோண்டி எடுத்து உலர்த்தச் சொல்வார். இன்னொருவர் தொட்டியோடு அப்படியே ஒரு மூலையில் வைக்கச் சொல்வார். மூன்றாமவர் ஜன்னலோரத்தில் வைத்துத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றச் சொல்வார். குளிர்சாதனப் பெட்டியில் போட்டால் போதும் என்பவர்களும் உண்டு. இவர்களில் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு வழியும் ஏதோ ஒரு செடிக்குச் சரியானது; சிக்கல் என்னவென்றால், அதே வழி வேறொரு செடியைக் கொன்றுவிடும். கிழங்குப் பொட்டலங்களில் வழக்கமாக அச்சிடப்படும் “குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைக்கவும்” என்ற குறிப்பையே எடுத்துக்கொள்ளலாம். கிளாடியோலஸுக்கு அது முழுக்கப் பொருந்தும். அதே அலமாரியில் வைத்த டேலியா உலர்ச்சி தாங்காமல் சுருங்கும். கலாடியம் குளிர் தாங்காமல் அழுகும்.

இந்தக் கட்டுரையில் கிழங்கு என்று பொதுவாகச் சொல்லும்போது ஹிப்பியாஸ்ட்ரம், டியூலிப் போன்றவற்றின் குமிழம், கிளாடியோலஸின் கந்தம், டேலியாவின் வேர்க்கிழங்கு, கல்வாழையின் மட்டநிலத்தண்டு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். கடைகளில் அமரில்லிஸ் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் ஹிப்பியாஸ்ட்ரம்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல், உறக்கம் எங்கிருந்து வருகிறது என்பது. சில செடிகளின் உறக்கம் உள்ளிருந்தே வருவது. கிளாடியோலஸ் கந்தத்தை இலையுதிர்காலத்தில் தோண்டி எடுத்து உடனே வெதுவெதுப்பான ஈர மண்ணில் நட்டாலும் அது எளிதில் முளைக்காது. சில வாரங்களாவது குளிரில் இருந்த பிறகே அதன் உள்தடை நீங்கும். வேறு சில செடிகள் உறங்குவது சூழ்நிலை கட்டாயப்படுத்துவதால் மட்டுமே. தண்ணீர் நின்றால் அல்லது குளிர் அடித்தால் அவை அடங்கும். அப்படி எதுவும் நேராவிட்டால் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். ஹிப்பியாஸ்ட்ரமும் கல்வாழையும் இந்த வகை. கிளைவியா போன்றவை எந்த நிலையிலும் முழுதாக உறங்குவதில்லை. உள்ளிருந்து உறங்கும் செடியை விழித்திருக்க வைக்க முயல்வது வீண் உழைப்பு. உறங்காத செடியை உறங்க வைக்க முயல்வதோ அதைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, உங்கள் வீட்டால் தர முடிகிற வெப்பநிலை. எல்லாரும் செடியிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். வீட்டிலிருந்து தொடங்குவதே மேல் என்பது என் கருத்து. சூடாக்கப்படாத ஓர் அறை, நிலவறை, வாகனக் கொட்டகை, மாடிப்படியின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலைகளைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பகலில் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று முடிவு செய்த இடம் இரவில் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும். வெளிச்சுவரை ஒட்டிய தரைக்கும் தோள் உயர அலமாரிக்கும் இடையிலேயே சில டிகிரி வேறுபாடு இருக்கும். இந்த எண்கள் கையில் வந்தவுடன் பாதி முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

மூன்றாவது, தோல். உறங்கும் கிழங்கு செத்த பொருள் அல்ல. குறைந்த அளவிலேனும் அது மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது, சேமித்த மாவுப்பொருளைச் செலவழிக்கிறது. கிளாடியோலஸ், டியூலிப் ஆகியவற்றுக்குக் காகிதம் போன்ற உலர்ந்த மேலுறை உண்டு. அவை காற்றோட்டமான பையில் மாதக்கணக்கில் தாங்கும். டேலியாவின் தோல் மெல்லியது. லில்லிக் குமிழத்துக்கு உறையே கிடையாது, செதில்கள் திறந்தபடியே இருக்கும். ஆகவே அதை வெறுமையாக உலர வைக்கவே கூடாது.

நான்காவது, வேர். உறக்கத்திலும் உயிரோடு இருக்கும் தடித்த வேர்களைக் கொண்ட செடிகளை ஒவ்வோர் ஆண்டும் பிடுங்கினால், புதிய வேர் விடுவதற்கே கிழங்கின் சேமிப்பில் ஒரு பகுதி போய்விடும். பூக்காத ஹிப்பியாஸ்ட்ரங்கள் பலவற்றின் கதை இதுதான்.

இடம், நேரம், கவனம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவற்றை ஒவ்வொரு வழியின் கீழும் சொல்கிறேன்.

## ஒரு பார்வையில்

| செடி | உறக்கத்தின் தன்மை | குளிர்காலத்தில் ஏற்ற வெப்பநிலை | முதலில் பரிசீலிக்க வேண்டிய வழி |
|---|---|---|---|
| கிளாடியோலஸ் | உள்ளிருந்து வருவது. குளிர் கலைக்கும் | 2–7° செ. | பிடுங்கி, நன்கு உலர்த்தி வைத்தல் |
| டேலியா | குறும்பகலும் குளிரும் கொண்டுவருவது | 4–10° செ. | பிடுங்கி, ஈரம் காத்து வைத்தல் |
| கல்வாழை | குளிர் கட்டாயப்படுத்துவது | 7–10° செ. | மண்கட்டியோடு அல்லது தொட்டியில், சிறிது ஈரத்துடன் |
| கிழங்கு பிகோனியா | குறும்பகல் தூண்டுவது | 5–10° செ. | தொட்டியிலோ பிடுங்கியோ, உலர்வாக |
| வண்ணக் காலா லில்லி | வளர்ச்சிக்காலம் முடிந்ததும் வருவது | 10–13° செ. | தொட்டியில் உலர்வாக |
| கலாடியம் | குளிர்ச்சியும் உலர்ச்சியும் கொண்டுவருவது | 16–21° செ. | தொட்டியில் உலர்வாக |
| ஹிப்பியாஸ்ட்ரம் | கட்டாயமில்லாதது | 10–13° செ., 8–10 வாரம் | தொட்டியில். அல்லது இலையோடு |
| கிளைவியா | உறக்கம் இல்லை | 10° செ. அளவில் 6–8 வாரம் | விழித்த நிலையில், குறைந்த நீருடன் |
| ஃப்ரீசியா, லாச்செனாலியா | கோடையில் உறங்குபவை | 5–13° செ., நல்ல ஒளி | குளிர்காலத்தில் வளர விடுதல் |
| டியூலிப், ஹயசிந்த் | பூக்கக் குளிர் வேண்டும் | 2–9° செ., 10–16 வாரம் | குளிரூட்டல் |

அட்டவணையின் மூன்றாவது பத்தியை வெப்பமானி காட்டிய எண்களோடு ஒப்பிட்ட பிறகே நான்காவது பத்திக்குப் போக வேண்டும்.

## வழி ஒன்று: பிடுங்கி, பதப்படுத்தி, மண்ணில்லாமல் சேமித்தல்

மிகப் பழைய வழி இது. தரையில் வரிசையாக நட்டவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழியும் இல்லை. ஒரு சிறிய பெட்டிக்குள் நூறு கந்தங்கள் அடங்கிவிடும் என்பதும், ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்து நோயிருக்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் என்பதும் இதன் பெரிய நன்மைகள்.

இந்த ஒரே பெயருக்குள் இரண்டு எதிரெதிரான முறைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிளாடியோலஸை எடுத்தவுடன் தண்டை ஒட்ட நறுக்கி, 25 டிகிரி அளவிலான வெதுவெதுப்பில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் விரைவாக உலர்த்த வேண்டும். தோண்டிய அன்று புதிய கந்தத்தின் அடியில் சென்ற ஆண்டின் பழைய கந்தம் இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்தால் புதியதன் அடிப்பகுதி காயப்படும். மூன்று வாரம் கழித்துக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் அது சுருங்கிய வில்லையாகத் தானே கழன்று வரும், கழன்ற இடத்தில் உலர்ந்த, சுத்தமான வட்டத் தழும்பு மட்டும் இருக்கும். உலர்த்தல் முடிந்தது என்பதற்கு இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. மேலுறையை உரிக்காமல் வலைப்பையில் போட்டு 2 முதல் 7 டிகிரிக்குள் வைக்கலாம். கந்தத்தின் மேல் பழுப்பான, சொரசொரப்பான திட்டுகள் தெரிந்தால் இலைப்பேன் குடியேறியிருக்கிறது என்று பொருள். குறைந்த வெப்பநிலை அந்தப் பூச்சியைப் பெருகவிடாது என்பது இந்த முறையின் கூடுதல் லாபம். சுற்றிலும் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு கந்தங்களையும் சேமிக்கலாம், ஆனால் அவை பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு ஆண்டுகளாவது ஆகும்.

டேலியாவுக்கு இதே உலர்த்தலைச் செய்தால் வசந்தத்தில் கையில் மிஞ்சுவது சுருங்கிய தோல்தான். உறைபனியில் இலை கருகியபின் தண்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, தண்டிலிருந்து தள்ளித் தோட்ட முள்கரண்டியால் தோண்டி எடுத்து, மேற்பரப்பு ஈரம் போகும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்தால் போதும். அதன்பின் சற்றே ஈரமான வெர்மிகுலைட் (ஈரம் காக்கும் இலேசான கனிமத் துகள்), மரத்தூள் அல்லது தென்னை நார்க்கழிவில் புதைக்கலாம். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டு நீரும் வராத ஈரம்தான் அளவு. கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைக்கும் முறையும் நன்றாக வேலை செய்கிறது. ஒன்று அழுகினாலும் பக்கத்துக் கிழங்குக்குப் பரவாது. பிரிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது: டேலியாவின் முளைக்கண் பருத்த கிழங்கில் இருப்பதில்லை, தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் இருக்கிறது. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. அதைச் சேமிப்பது இடவிரயம்.

கல்வாழை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மண்கட்டி உதிராமல் எடுத்து, பெட்டியில் நெருக்கி அடுக்கி, மாதம் ஒருமுறை லேசாகத் தெளித்தால் போதுமானது.

மறைந்திருக்கும் செலவுகள் என்று பார்த்தால், முதலாவது காலநெருக்கடி. முதல் உறைபனிக்கும் மண் இறுகுவதற்கும் இடையிலான குறுகிய காலத்தில் தோண்டல், கழுவல், பிரித்தல், உலர்த்தல் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். உலர்த்துவதற்கு விரித்துப் போட இடமும் வேண்டும். இரண்டாவது, அடையாளம் தொலைவது. பூ உதிர்ந்தபின் சிவப்பு டேலியாவும் மஞ்சள் டேலியாவும் ஒன்றுதான். பெட்டியில் ஒட்டும் சீட்டு போதாது. தண்டின் கழுத்திலேயே அழியாத மையால் எழுதிய அட்டையைக் கட்டிவிட வேண்டும். மூன்றாவது, மாதாந்திரப் பரிசோதனை. சுருக்கம் கண்டால் தெளிக்க வேண்டும், பூசணம் கண்டால் திறந்து காற்றாட விட வேண்டும், மெத்தென்று அழுந்தும் பகுதியை நல்ல சதை வரை வெட்டி எறிய வேண்டும். பெட்டியை மூடி வைத்து வசந்தத்தில் திறக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

எப்போது இது சிறந்தது? தரையில் நட்டிருந்தால், எண்ணிக்கை அதிகமானால், குளிர்காலத்தில் நீர் தேங்கும் களிமண் நிலமானால், 10 டிகிரிக்குக் கீழே, ஆனால் உறையாத ஓர் இடம் வீட்டில் இருந்தால்.

## வழி இரண்டு: தொட்டியிலேயே உறங்க விடுதல்

தொட்டியில் வளர்த்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கிழங்கைச் சுற்றியுள்ள உலர்ந்த மண்ணே உறையாக இருந்து நீரிழப்பைத் தடுக்கிறது, வேர் குலைவதில்லை, எளிதில் ஒடியும் கிழங்குகளுக்குக் காயமும் நேர்வதில்லை. செங்காந்தளின் கவைபோன்ற கிழங்கில் வளர்முனை நுனியில்தான் இருக்கிறது, அந்த நுனி மெல்லத் தட்டினாலே முறியும். அதைத் தோண்டாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

செய்முறை எளிதாகத் தெரிந்தாலும் அதன் வேகத்தில்தான் நுட்பம் இருக்கிறது. தண்ணீரை ஒரே நாளில் நிறுத்தாமல் மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், உரத்தை அதற்கும் முன்பே நிறுத்த வேண்டும். இலை நுனியிலிருந்து மஞ்சளாகி அடியை நோக்கி வடியும். இலையில் உள்ள சத்து கிழங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் காலம் அது. பச்சையாக இருக்கும் இலையைப் பார்வைக்கு அழகில்லை என்று வெட்டினால் அடுத்த ஆண்டின் பூவுக்கான சேமிப்பைத்தான் வெட்டுகிறோம். முழுதாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்போது அகற்றலாம். பிறகு தொட்டியைச் சாய்த்து வைப்பது நல்ல பழக்கம். யாராவது தெரியாமல் தண்ணீர் ஊற்றிவிடும் ஆபத்து குறையும். ஒரே குடும்பத்தில் தண்ணீர் ஊற்றும் ஆர்வம் ஒருவருக்கு மேல் இருந்தால் இதன் அருமை புரியும்.

உறக்கக் காலத்தில் தண்ணீரே தரக்கூடாதா என்பது அடுத்த ஐயம். கலாடியம், கிழங்கு பிகோனியா, வண்ணக் காலா லில்லி ஆகியவற்றின் வேர் காய்ந்துவிடுவதால் அவற்றுக்கு நீர் தேவையில்லை. ஹிப்பியாஸ்ட்ரத்தின் தடித்த வேர்கள் உயிரோடிருக்கும். அவை முழுதாக வறண்டு போகாமலிருக்க, மிகவும் வெதுவெதுப்பான உலர்காற்றுள்ள வீடுகளில் மாதம் ஒருமுறை தொட்டியின் ஓரத்தில் சிறிதளவு நீர் விடலாம். குமிழத்தின் கழுத்துக்குள் நீர் இறங்கக்கூடாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு எடையும் இடமும்தான். பத்துத் தொட்டிகளை மாடியிலிருந்து நிலவறைக்குத் தூக்கிச் செல்வது ஒரு நாள் வேலை. அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ஈரம். மேல்மண் தூசியாக உலர்ந்திருக்கும்போதும் நடுவில் கிழங்கைச் சுற்றிக் குளிர்ந்த ஈரம் தங்கியிருக்கலாம்; குளிரும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் உறுதி. சுட்டமண் தொட்டி தன் சுவர் வழியாக நீரை வெளிவிடும், பிளாஸ்டிக் தொட்டி விடாது. ஆகவே பிளாஸ்டிக்கில் இருப்பவற்றுக்குத் தண்ணீரைச் சில வாரம் முன்பே குறைக்கத் தொடங்க வேண்டும். கையால் தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டு ஈரத்தை மதிப்பிடுவது விரலால் தொட்டுப் பார்ப்பதைவிட நம்பகமானது. மூன்றாவது, பூச்சி. குமிழத்தின் உலர்ந்த மேலுறைக்கு அடியில் மாவுப்பூச்சி பஞ்சுபோல ஒளிந்திருக்கும்; பிடுங்கிப் பார்க்காததால் அது வசந்தம் வரை தெரியாது. வீட்டுக்குள் எடுக்கும் முன் தளர்ந்த உறைகளை மட்டும் உரித்துப் பார்த்துவிட வேண்டும்.

## வழி மூன்று: இலையோடு விழித்திருக்க வைத்தல்

குளிர்காலத்திலும் பச்சை இலையைப் பார்க்க முடிகிறதே என்ற ஆசையில் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசையைவிடச் செடியின் தன்மை முக்கியம். கிளைவியா, யூக்காரிஸ் போன்ற என்றும் பசுமையான செடிகளுக்கு இதைத் தவிர வேறு வழி கிடையாது. அவற்றுக்கும் ஓய்வு உண்டு, ஆனால் அது இலையை இழக்காத ஓய்வு. கிளைவியாவை 10 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில், மண் காயும் அளவுக்கு நீரைக் குறைத்து ஆறு முதல் எட்டு வாரம் வைத்தால்தான் பூந்தண்டு நன்கு நீண்டு எழும். ஆண்டு முழுவதும் சூடான கூடத்திலேயே இருக்கும் கிளைவியா இலைகளின் நடுவே பாதியில் சிக்கிய பூங்கொத்தைக் காட்டும், அல்லது பூக்கவே பூக்காது.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஃப்ரீசியா, லாச்செனாலியா, வெல்தைமியா ஆகியவற்றின் கணக்கே தலைகீழ். அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை வறண்டது. எனவே அவை குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் உறங்கும் பழக்கமுடையவை. குளிர்காலம் வந்துவிட்டது என்று அவற்றின் தண்ணீரை நிறுத்துவது, உண்ணும் நேரத்தில் தட்டைப் பறிப்பதாகும். அவற்றுக்கு வேண்டியது உறையாத குளிர்ச்சியும் கிடைக்கும் அளவு முழு வெளிச்சமும். சூடான அறையில் இலைகள் நீண்டு சாய்ந்துவிடும்.

ஹிப்பியாஸ்ட்ரம் இரண்டு வழிகளுக்கும் இணங்குவதால்தான் அதைப் பற்றிய கருத்துவேறுபாடு ஓயாமல் இருக்கிறது. இந்தச் செடி ஏறத்தாழ நான்கு இலைக்கு ஒரு பூமொட்டு என்ற வரிசையில் குமிழத்துக்குள் மொட்டுகளை உருவாக்குகிறது. வெளியே தெரியும் பூத்தண்டு பல மாதங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டது. ஆகவே பூ வருமா வராதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது கோடையில் எத்தனை இலைகள் எவ்வளவு வெயிலில் உழைத்தன என்பதுதான், குளிர்கால உறக்கம் அல்ல. உறக்கம் தருவது வேறொன்று: நேரக் கட்டுப்பாடு. 10 முதல் 13 டிகிரியில் எட்டுப் பத்து வாரம் உலர்வாக வைத்து, பிறகு சூடும் நீரும் கொடுத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில், பல குமிழங்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூக்கும். இலையோடு விட்டால் அதன் விருப்பப்படி, பெரும்பாலும் வசந்தத்தில் பூக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் பூ வேண்டுமென்றால் உறக்கம் கொடுங்கள். வேண்டாமென்றால், நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் இருக்கும் பட்சத்தில், இலையோடு விடுவது குமிழத்தைப் பருக்கச் செய்யும். ஆனால் கோடையில் மூன்று இலைக்கு மேல் காணாத மெலிந்த குமிழத்தைப் பூவுக்காக உறங்க வைப்பது வீண். அதற்கு ஒளியும் உரமும்தான் தேவை.

விழித்திருக்க வைப்பதன் மறைமுகச் செலவு வெளிச்சம். குளிர்காலத்தில் பகலும் குறுகும், கதிரும் சாயும். ஜன்னலிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளினாலே செடிக்குக் கிடைப்பது பெரிதும் குறைந்துவிடும். வளர்ச்சி விளக்கை நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எரியவிட வேண்டியிருக்கும், அது மாதாமாதம் வரும் மின்கட்டணம். வெப்பமூட்டியால் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒளி குறைந்த இடத்தில் வைத்து வழக்கம்போல் நீர் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை: செடி உறங்கவும் இல்லை, உழைக்கவும் இல்லை, சேமிப்பு மட்டும் கரைகிறது.

## வழி நான்கு: குளிர்சாதனப் பெட்டி

இதைச் சேமிப்பு முறையாகக் கருதுவதில்தான் தவறு தொடங்குகிறது. டியூலிப், ஹயசிந்த், குரோகஸ், பெரும்பாலான நார்சிசஸ் ஆகியவை குளிரிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவை அல்ல. அவை குளிரைக் கேட்பவை. டியூலிப் குமிழத்துக்குள் பூ உருவாவது கோடையின் வெதுவெதுப்பில். ஆனால் அந்தப் பூவைச் சுமந்து தண்டு நீள்வதற்கு 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். ஹயசிந்துக்கு 10 முதல் 14 வாரம். குறைவாகக் கொடுத்தால் பூ இலைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டி மலர்ந்து ஏமாற்றும். வெளியே இயற்கையாகவே குளிர் கிடைக்கும் இடத்தில் தரையில் நட்டிருந்தால் இவற்றைத் தோண்டவே வேண்டியதில்லை. வீட்டுக்குள் தொட்டியில் முன்கூட்டியே பூக்க வைக்க விரும்புபவர்களுக்கும், வெளியில் போதிய குளிர் கிடைக்காதவர்களுக்கும்தான் குளிர்சாதனப் பெட்டி. நார்சிசஸ் வகையில் பேப்பர்வைட் மட்டும் விதிவிலக்கு. அதற்குக் குளிரூட்டல் தேவையில்லை.

பெட்டிக்குள் இருக்கும் பெரிய எதிரி பழங்கள். ஆப்பிள், பேரி, வாழை ஆகியவை பழுக்கும்போது வெளியிடும் எத்திலீன் வாயு குமிழத்துக்குள் உள்ள பூமொட்டைக் கொன்றுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. குமிழம் திடமாக இருக்கும், வேர் விடும், இலையும் வரும். சந்தேகத்தில் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், வெளிர்நிற இலைக்குருத்துகளின் நடுவில் பூ இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்து நிறம் மாறிய ஒரு சிறு துணுக்கு இருக்கும். பூசணம் பிடித்துக் கெட்ட டியூலிப் குமிழமும் இதே வாயுவை வெளியிடும் என்பதால், கெட்டதை நல்லவற்றோடு வைக்கக்கூடாது. மேலுறையில் மட்டும் படர்ந்த நீலப் பூசணம் பெரும்பாலும் மேலோட்டமானது, துடைத்துவிடலாம். குமிழத்தின் அடித்தட்டு, அதாவது வேர் விடும் அடிப்பகுதி, மெத்தென்று இருந்தால் எறிந்துவிட வேண்டும்.

இன்னொரு செலவை உயிரோடு சம்பந்தப்பட்டது என்றே சொல்ல வேண்டும். நார்சிசஸ் குமிழம் வெங்காயத்தைப் போலவே இருக்கும், அது நஞ்சு. ஹயசிந்தைக் கையால் தொட்டாலே சிலருக்குத் தோல் அரிக்கும். உணவு வைக்கும் பெட்டியில் இவற்றை வைப்பதானால் துளையிட்ட காகிதப் பையில் போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, சமைப்பவர் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் தனிப்பெட்டி இல்லையென்றால் இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது.

கலாடியம், ஹிப்பியாஸ்ட்ரம் போன்ற வெப்பநிலச் செடிகளுக்கு இந்தப் பெட்டி ஒருபோதும் ஏற்றதல்ல. கிளாடியோலஸுக்கு வெப்பநிலை பொருந்தும். பழம் இல்லாத பெட்டியானால் வைக்கலாம். டேலியாவுக்கும் வெப்பநிலை சரிதான், ஆனால் தானே பனி நீக்கும் பெட்டிகளின் உலர்காற்றில் அது விரைவில் வற்றிவிடும். நன்றாகச் சுற்றி வைத்தால் மட்டுமே.

## வழி ஐந்து: விட்டுவிடுதல்

வீட்டுக்குள் பருவம் மாற்றிப் பூக்க வைத்த டியூலிப் குமிழம் மறுபடி நல்ல பூத் தருவது அரிது. நீரில் கூழாங்கற்களின் மேல் வளர்த்த பேப்பர்வைட்டும் அப்படியே. இவற்றை ஓராண்டு முழுவதும் பேணுவதைவிட உரக்குழியில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. இலையில் சிவப்புத் திட்டும் தண்டில் கோணலும் ஆண்டுதோறும் திரும்பும் ஹிப்பியாஸ்ட்ரத்தையும், ஆரோக்கியமான மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டுமானால், விடத்தான் வேண்டும். அதை உரக்குழியில் போடாமல் குப்பையில் சேர்ப்பது நல்லது.

## காலத்துக்கு முன்பே விழித்துக்கொண்டால்

எந்த வழியைத் தேர்ந்தாலும் நடுக்குளிர்காலத்தில் பெட்டியைத் திறந்தால் வெளிறிய முளை நீட்டிக்கொண்டிருப்பதைக் காண நேரலாம். இடம் சூடாக இருக்கிறது என்பதே அதன் பொருள். முளை அரை விரல் நீளத்துக்குள் இருந்தால் இன்னும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேல் நீண்டிருந்தால் இருட்டில் வைத்து அடக்க முயல வேண்டாம். தொட்டியில் நட்டு, வெளிச்சத்தில் வைத்து, நீரை அளவாகக் கொடுப்பதுதான் இழப்பைக் குறைக்கும். டேலியா மட்டும் இதில் பெருந்தன்மையானது: நீண்ட முளையைக் கிள்ளிவிட்டாலும் கழுத்தில் உள்ள வேறு கண்ணிலிருந்து மீண்டும் முளைக்கும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். கலாடியம் 24 டிகிரிக்கு மேல் அடிச்சூடு கிடைக்கும்வரை அசையாது. வாரக்கணக்கில் முளை வரவில்லை என்று தண்ணீரை அதிகப்படுத்துவதால்தான் பல கிழங்குகள் உறக்கத்தில் பிழைத்தும் விழிக்கும்போது அழுகுகின்றன. முளை தெரியும்வரை மண் சற்றே ஈரமாக இருந்தால் போதும்.

## வீட்டில் குளிர்ந்த இடமே இல்லை என்றால்

அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்களில் பலருக்கு எல்லா அறையும் 20 டிகிரிதான். அவர்கள் மேலே சொன்ன ஐந்து வழிகளையும் ஒரே எடையில் பார்க்க வேண்டியதில்லை. கலாடியத்துக்கு அந்த வீடு மிகப் பொருத்தம். தொட்டியோடு உலர்வாக ஓர் அலமாரியில் வைத்துவிடலாம். ஹிப்பியாஸ்ட்ரத்தை வெளிச்சமான ஜன்னலில் இலையோடு வைத்துக்கொள்ளலாம், அல்லது ஜன்னல் கண்ணாடியை ஒட்டிய, இரவில் குளிரும் தரைப்பகுதியில் உறங்க வைத்துப் பார்க்கலாம். கிளாடியோலஸ் சிலவற்றைப் பழம் வைக்காத குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டில் அடக்கிவிடலாம். கிளைவியாவுக்குக் கண்ணாடி அடைத்த பால்கனி இருந்தால், உறையாத வரை அங்கே விடலாம்.

டேலியாவுக்குத்தான் அங்கே இடமில்லை. 20 டிகிரியில் அது ஒன்று வற்றும், அல்லது நடுக்குளிர்காலத்திலேயே முளைத்துச் சேமிப்பைத் தீர்த்துவிடும். குளிர்ந்த நிலவறை உள்ள நண்பரிடம் கொடுத்து வைப்பது ஒரு வழி. பாதிக் கிழங்கை அவருக்கே கொடுத்துவிடுவது இருவருக்கும் லாபம். அதுவும் முடியாதபோது, பாத்திகளில் நடும் குட்டை ரக டேலியாக்களை விதையிலிருந்தே வளர்க்கலாம். கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள் விதைத்தால் அதே கோடையில் பூக்கும், குளிர்காலத்தில் எதையும் பாதுகாக்க வேண்டியதில்லை. பெயர் பெற்ற ரகங்கள் விதையில் அதே வண்ணத்தில் வராது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.